கவடி விதைத்த முற்றம்

"யாளிக்குடி ஏன் விழுந்தது, அடிகளே?"

படைத்தலைவன் அழிசி கேட்டான். நின்றுகொண்டே கேட்டான்.

சமணத் துறவியான குரத்தி தரையைப் பார்த்தாள். முன்னால் ஊர்ந்துவந்த எறும்பை மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கினாள். பிறகு இன்னும் வசதியாகச் சம்மணமிட்டுக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருந்தது எரிந்துபோன அரண்மனையின் முற்றத்தில், நட்டநடுவில்.

அவளுக்கு முன்னால் அரியணை இருந்த மேடை. பின்னால் நகரின் கீழைவாசல். மேடையிலிருந்து வாசலுக்கு நேராக ஒரு கோடு இழுத்தால், அது அவள் மடியைக் கிழித்துக்கொண்டு போகும்.

மேடையடியில் இரண்டு கழுதைகள் ஏரில் பூட்டப்பட்டு நின்றன.

*

வென்றவன் தோற்றவனின் நகரைக் கழுதை பூட்டி உழுவான். உழுத சாலில் கவடி விதைப்பான்.

கவடி என்றால் சோழி. சோழி முளைக்காது. அதனால்தான் அதை விதைப்பது.

உழுத நகரில் பழைய குடிகள் ஒருவரும் தங்கக் கூடாது. அங்கே தண்ணீர் மொள்ளக் கூடாது.

முதற்சால் அரியணை மேடையில் தொடங்கிக் கீழைவாசல்வரை கோணாமல் போக வேண்டும். கோணினால் உழவு செல்லாது.

எல்லோருக்கும் தெரிந்த முறை. குரத்திக்கும் தெரியும். அதனால்தான் வேறெங்கும் உட்காராமல் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

வாசலுக்கு உட்புறம், ஏரிக்கரையில், யாளிக்குடி அரசர்களின் நகரான யாளியூரில் மிஞ்சிய குடிகள் கூட்டமாக நின்றார்கள். சித்திரை வெயில். மதிலுக்கு வெளியே ஆறு மணலாகக் கிடந்தது. இந்த ஏரியை விட்டால் அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை.

*

அழிசி அவளுடைய மாணாக்கன்.

மாணாக்கனுக்கு ஐம்பது வயது. ஆசிரியைக்கு முப்பது.

முன்பொரு போரில் விலாவில் அம்பு தைத்து, அவளுடைய குன்றின் குகைப்பள்ளிக்குள் தவழ்ந்து வந்தவன் அவன். அவள்தான் பிழைக்க வைத்தாள். மழைக்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து அவளிடம் பாடம் கேட்டான். பாடம் என்றால் பெரும்பாலும் சண்டைதான்.

இப்போது வேங்கைக்குடி அரசன் பெருவேங்கையின் ஏனாதியாக வந்திருக்கிறான். ஏனாதி என்றால் படைக்கே தலைவன். விரலில் அரசன் அணிவித்த மோதிரம்.

"எழுந்திருங்கள் அடிகளே," என்றான்.

"கேள்வி கேட்டீரா, கட்டளை போட்டீரா? எதையாவது ஒன்றைச் செய்யும்."

கழுதையைப் பிடித்திருந்த மூவன் பக்கத்தில் நின்றவனிடம் கிசுகிசுத்தான். "யாருடா இது, மொட்டைத் தலையும் வெள்ளைத் துணியுமா?"

"குரத்தியாம்."

"குறத்தியா? அப்போ கையைக் காட்டினா குறி சொல்லுமா?"

"நாக்கைத் திருத்து. குருவுக்குப் பெண்பால் குரத்தி," என்றாள் அவள், திரும்பாமலே. "ஆனாலும் கேட்டுவிட்டாய், குறி சொல்கிறேன். இந்தக் கழுதை இன்று உன்னை உதைக்கும்."

படையாட்கள் சிரித்தார்கள். மூவன் சிரித்துக்கொண்டே கழுதையின் பின்பக்கத்திலிருந்து விலகி நின்றுகொண்டான்.

அழிசி சிரிக்கவில்லை.

*

"அரசர் கல்வெட்டு வைக்கப் போகிறார்," என்றான். "'இன்ன பிழையால் யாளிக்குடி அழிந்தது, வேங்கைக்குடியில் பிறப்போர் அதைச் செய்யாதிருக்க.' இவ்வளவுதான் வாசகம். பிழை எது என்று உங்களிடம் கேட்டுவரச் சொன்னார். இவர்களுடைய வாழ்வையும் சாவையும் குன்றின் மேலிருந்து பார்த்தவர் நீங்கள்."

"வென்றவர் நீர். நீரே சொல்லும்."

"கடைசி அரசன் கள்ளிலும் கூத்திலும் கிடந்தான்."

"பெருவேங்கை?"

"அவர் அளவாக."

மூவன் இருமினான். அழிசி முறைத்தான். இருமல் நின்றது.

"வரி தாங்காமல் குடிகள் ஓடிப்போனார்கள்," என்றான் அழிசி.

"உம் படைக்கு மூன்று வேளைச் சோறு எந்த வானத்திலிருந்து பெய்தது?"

"சொந்தத் தம்பியையே நம்பாமல் சிறையில் போட்டான்."

"பெருவேங்கையின் தம்பி சுகமா?"

அழிசி விரலில் மோதிரத்தைத் திருகினான்.

"அது வேறு."

"எப்படி வேறு?"

"அவன் துரோகி."

"இங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள்."

"நீங்கள் வேண்டுமென்றே குழப்புகிறீர்கள்!"

"நானா? தோற்றவன் செய்தால் பிழை. வென்றவன் செய்தால் அரசநீதி. இதைக் கல்லில் வேறு வெட்டப் போகிறீர்கள். வெட்டும்போது சிற்றுளியே சிரிக்காதா?"

*

ஏரிக்கரையிலிருந்து ஒரு வாணியச்சி குரல் கொடுத்தாள். செக்கு எரிந்துபோனவள். இடுப்பில் வெறும் குடம்.

"ஏனாதியாரே! உழுறதுதான் உழுறீங்க, அப்படியே எங்க பின்கட்டையும் ஒரு ஓட்டு ஓட்டிடுங்க. கீரை போட்டு நாளாச்சு."

கூட்டம் சிரித்தது. பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. உடனே அடங்கிவிட்டது.

"ஏன் எங்களை வெளியேத்துறீங்க?" என்றாள் அவள், இப்போது வேறு குரலில். "தோத்தது ராசா. ஓடினது ராசாவோட ஆளுங்க. எங்களுக்குத் தண்ணி மறுக்க நாங்க யார்கிட்ட தோத்தோம்?"

அழிசி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பதில் சொல்லும்," என்றாள் குரத்தி. "அது என் கேள்வியைவிட நல்ல கேள்வி."

"முறை அப்படி."

"யார் வைத்த முறை?"

"ஆதியிலிருந்து வருகிறது."

"ஆதியில் நீர் இருந்தீரா?"

*

நிழல் குறுகிக்கொண்டே வந்தது.

அழிசி அவளுக்கு எதிரே குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அடிகளே. நான் வேளைக்காரன். தெரியுமல்லவா?"

தெரியும். வேளைக்காரன் அரசன் முன் வாளைத் தொட்டு உறுதி எடுத்தவன். எடுத்த காரியம் சொன்ன வேளைக்குள் முடியாவிட்டால், தன் தலையைத் தானே அரிந்து வைக்க வேண்டும்.

"இந்த உழவுக்கு உறுதி கொடுத்திருக்கிறேன். வேளை உச்சிப்பொழுது. அரசர் அப்போது வருவார். முதல் பிடிக் கவடி அவர் கையால்தான் விழ வேண்டும். சால் தயாராக இல்லையென்றால், நான் இங்கேயே முடிக்க வேண்டியதுதான்."

குரத்தி அவனைப் பார்த்தாள்.

"துறவியைத் தொட்டு இழுத்தால் பழி அரசருக்கு. அதனால் உங்களைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கோணலாக உழுதால் செல்லாது. நீங்களாக எழுந்தால்தான் உண்டு."

"ம்."

"எறும்பை ஒதுக்கிவிட்டு உட்காருகிறீர்கள். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறீர்கள். கொல்லாமைதான் முதல் பாடம் என்று எனக்குச் சொன்னீர்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது என்னைக் கொல்கிறது. இது எந்தப் பாடத்தில் வருகிறது?"

அன்று முதல் தடவையாக அவள் கண்கள் தாழ்ந்தன.

கழுதை ஒன்று காதை ஆட்டியது. பீலி அவள் கையில் அசையாமல் இருந்தது.

"அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அழிசி."

"பிறகு?"

"எழுந்தால் இவர்கள் தாகத்தில் சாவார்கள். எழாவிட்டால் நீர். எது குறைந்த பாவம் என்று தராசில் நிறுத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டேன்." நிமிர்ந்தாள். "அதனால்தான் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன். உம் தலை விழுந்தால், பார்த்துக்கொண்டிருப்பேன். என் பங்கு என்று சொல்லிக்கொள்வேன்."

"எழ மாட்டீர்கள்."

"மாட்டேன்."

"நல்ல குரு!"

"உம் தலையைக் கேட்டது நானா? வாளைத் தொட்டு வாக்குக் கொடுத்தது யார்? நல்ல வாய் உமக்கு. பேரும் பொருத்தம். அழிசி! பெற்றவர்களுக்கு வேறு பேரா கிடைக்கவில்லை?"

அவன் எழுந்தான். முகம் கறுத்திருந்தது.

"மூவா! ஓட்டு!"

"எங்கேங்க? அவங்க..."

"அவர் மடிவரை ஓட்டு. மடியில் முட்டட்டும். அப்போது எழுகிறாரா பார்ப்போம்."

*

ஏர் நகர்ந்தது.

முற்றத்தில் பாவியிருந்த பெருங்கற்களைப் படையாட்கள் முந்தின நாளே பெயர்த்துக் குவித்திருந்தார்கள். அரண்மனை எழுந்த நாளிலிருந்து வெயிலே படாத மண். கறுப்பாக, ஈரமாகப் பிளந்தது.

கழுதைகளுக்கு உழுது பழக்கமில்லை. ஒன்று முன்னால் இழுத்தது. ஒன்று பின்னால் இழுத்தது. மூவன் நடுவில் நின்று இரண்டையும் அவற்றின் தாயாரோடு சேர்த்து வைதான்.

"புழுக்கள்," என்றாள் குரத்தி. அவள் குரல் நடுங்கியது. "மண்ணுக்குள் புழுக்கள் இருக்கும். பார்த்து ஓட்டு."

"ஒரு அரசே கவிழ்ந்து கிடக்கிறது. புழுவுக்கு அழுகிறீர்களே!" என்றான் அழிசி.

"அரசுக்கு அழ ஆள் இருக்கிறது."

ஏரின் கொழுமுனை நெருங்கியது. பத்தடி. எட்டடி.

அவள் எழவில்லை. கண்ணையும் மூடவில்லை.

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள்.

அப்போது கொழு எதிலோ கரகரத்தது. மூவன் குனிந்து பார்த்தான். மேழிப்பிடியை விட்டுவிட்டு, சுட்டதுபோலப் பின்னால் குதித்தான்.

"முளைச்சிருச்சு!"

"என்ன?"

"கவடி! கவடி முளைச்சிருச்சுங்க!"

*

சாலில் சோழிகள் கிடந்தன.

ஒன்று இரண்டு அல்ல. கொழு புரட்டிப்போட்ட கட்டி ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

படையாட்கள் பின்வாங்கினார்கள். ஒருவன் ஈட்டியைக் கீழே போட்டான். முளைக்காத விதை முளைத்துவிட்டது. நகரைச் சபிக்க வந்தார்கள், சபிப்பதற்கு முன்பே சாபம் திரும்பிவிட்டது. வேறென்ன பொருள்?

"நிறுத்துங்கள்!" அழிசி கத்தினான். "மூட்டையில் ஓட்டை. வழியெல்லாம் சிந்தியிருக்கிறது. அவ்வளவுதான்."

கவடி மூட்டை மேடைமேல் இருந்தது. அதைக் காத்துக்கொண்டிருந்த கணியார், படைக்கு நாள் குறிக்கிறவர், மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

முடிச்சு அவிழவில்லை. அரக்கு முத்திரை அப்படியே இருந்தது.

"இன்னும் விதைக்கவே தொடங்கவில்லை, ஏனாதியாரே," என்றார்.

அழிசி சாலில் இறங்கி மண்டியிட்டான். கையால் தோண்டினான். மண்ணுக்குள்ளே சோழி. இன்னும் தோண்டினான். உடைந்த ஓடு. கரி. எரிந்த மரத்தின் கரி. அந்தக் கரிக்குமேல் படர்ந்தாற்போலச் சோழிகள்.

நீளவாக்கில் கிடந்தன.

நேராக. அரியணை மேடைப் பக்கமிருந்து கீழைவாசல் பக்கமாக. கோணாமல்.

அவன் கை நின்றது.

*

"ஒரு பிடி எடுத்து வாரும்," என்றாள் குரத்தி.

கொண்டுபோய் அவள் கையில் வைத்தான்.

"மூட்டையிலிருந்தும் ஒரு பிடி."

"அரசர் கை படாத மூட்டை!" என்றார் கணியார்.

அழிசி மேடையேறினான். ஒரு கணம் முத்திரையைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலால் நெரித்து உடைத்தான். கணியார் காதைப் பொத்திக்கொண்டார், இடி விழப்போகிறதுபோல.

குரத்தி இரண்டு பிடியையும் தன் மடியில் ஒன்றாகப் போட்டுக் கலைத்தாள். கமண்டலத்து நீரைக் கொஞ்சம் ஊற்றி மண்ணைக் கழுவினாள்.

"உம் அரசருடையதைப் பிரித்துக் கொடும்."

அழிசி பார்த்தான்.

"மினுங்குகிறவை எங்களுடையவை."

"சரி," என்றாள். "எத்தனை நாளைக்கு மினுங்கும்?"

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

*

"இது யார் விதைத்தது?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கா தெரியாது?"

"தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் உமக்கு நான் சொன்ன பாடம்தான்."

அவன் கணியார் பக்கம் திரும்பினான். "யாளிக்குடிக்கு முன்னால் இங்கே இருந்தது யார்? இதை உழுதது யார்?"

"எந்த நூலிலும் இல்லையே," என்றார் கணியார்.

ஏரிக்கரையைப் பார்த்துக் கத்தினான். "அம்மா! இங்கே யாளிக்குடிக்கு முன்னால் யார் ஆண்டது?"

வாணியச்சி யோசித்தாள்.

"யாளிக்குடிதான்."

"அதற்கும் முன்னால்?"

"அதுக்கு முன்னாலயும் அவங்கதானே? ஆதியிலேருந்து அவங்கதான்னு அந்தத் தூணில வெட்டியே வச்சிருந்தாங்களே. நீங்கதான் நேத்து உடைச்சுட்டீங்க."

அழிசி சுற்றிலும் பார்த்தான். கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். குயவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"அடிகளே," என்றான் மெதுவாக. "உழுத நிலத்தில் இவர்கள் அரண்மனை கட்டியிருக்கிறார்கள்."

"ஆமாம். தெரிந்து கட்டினார்களா தெரியாமலா என்று கேட்காதீர். அதுவும் எனக்குத் தெரியாது."

"விதைத்ததை மூடத்தான் கல் பாவினார்களோ?"

"உழுத பிறகு இங்கே நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?" என்றாள் குரத்தி.

அழிசி கணியாரைப் பார்த்தான்.

மூவன்தான் சொன்னான். அவன் மறைக்கத் தெரியாதவன். "நம்ம ராசா இங்கதாங்க மண்டபம் கட்டப் போறாரு. கணியார் சாந்தி பண்ணிக் குடுத்துருவாரு. கல்லெல்லாம் வண்டில வந்துக்கிட்டிருக்கு."

கணியார் வேறு பக்கம் பார்த்தார்.

*

முரசு கேட்டது.

கீழைவாசல் வழியாக யானை வந்தது. குடை வந்தது. குடைக்கு முன்னால் கட்டியக்காரன் வந்தான்.

"கடல் ஏழும் காவல் கொண்டான், பகை நகரைப் பாழ் செய்தான், நிலவும் கதிரும் நிற்கும்வரை நிற்கும் பெரும்பேரான், பெருவேங்கை..."

பெருவேங்கை இறங்கினான். சிரிக்காமல் பேசுகிற மனிதன். சத்தம் போட்டும் பேச மாட்டான். அதனால்தான் எல்லோரும் அவனுக்கு அஞ்சினார்கள்.

நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது.

"சால் எங்கே?" என்றான்.

"பாதியில் நிற்கிறது, மன்னா," என்றான் அழிசி.

அரசன் பாதிச் சாலைப் பார்த்தான். உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான். உடைந்த முத்திரையைப் பார்த்தான்.

"உன் குருவை எழுப்பக்கூட உன்னால் ஆகவில்லை."

"ஆகவில்லை."

"பொழுது என்ன?"

"உச்சி."

"வேளைக்காரன் நீ. நான் நினைவூட்ட வேண்டுமா?"

அழிசி வாளை உருவினான். குரத்தி பீலியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டாள். சொன்னபடியே, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாளை அரசனின் காலடியில் வைத்தான்.

"நான் கொடுத்த உறுதியை ஒருமுறை சொல்ல அனுமதி வேண்டும்."

"சொல்."

"'உச்சிக்குள் யாளியூர் கழுதை ஏர் கண்டிருக்கும். கவடி கண்டிருக்கும்.' இதுதான் வாக்கு."

"ஆம்."

"கண்டிருக்கிறது, மன்னா."

"பாதிச் சாலா?"

"முழுச் சால். மேடையிலிருந்து வாசல்வரை, கோணாமல். மண்ணுக்குள் பாருங்கள். உழுதிருக்கிறது. எரித்துவிட்டு உழுதிருக்கிறது. கவடியும் விதைத்திருக்கிறது. முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல்."

அரசன் சாலின் விளிம்புக்கு வந்தான். குனிந்தான். குடை பிடித்தவனும் கூடவே குனிந்தான்.

நெடுநேரம் பார்த்தான்.

"யார் உழுதது?"

"தெரியவில்லை."

"தெரியவில்லை என்றால்?"

"கணியாரைக் கேட்டேன். குடிகளைக் கேட்டேன். அடிகளைக் கேட்டேன். ஒருவருக்கும் பேர் தெரியவில்லை, மன்னா." அழிசி குடையை நிமிர்ந்து பார்த்தான். "அவரும் யானை மேல்தான் வந்திருப்பார். குடை பிடித்திருப்பார்கள். முதல் பிடி அவர் கையால்தான் விழுந்திருக்கும்."

அரசன் ஒரு சோழியை எடுத்தான். உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தான்.

அமைதி நீண்டது. அமைதியை நிரப்புவதுதான் கட்டியக்காரன் தொழில். அவன் தொண்டையைச் செருமினான்.

"கடல் ஏழும் காவல் கொண்டான், பகை நகரைப் பாழ்..."

"சும்மா இரு," என்றான் அரசன்.



"அழிசி. வாளை எடுத்து உறையில் போடு."

போட்டான். இரண்டு முறை தவறிப்போய்த்தான் போட முடிந்தது.

"கழுதைகளை அவிழ்க்கச் சொல். தாகமாக இருக்கும். ஏரியில் தண்ணீர் காட்டட்டும்." கொஞ்சம் நிறுத்தினான். "அங்கே நிற்கிறவர்களும் மொண்டுகொள்ளட்டும்."

வாணியச்சி இடுப்புக் குடத்தை இறக்கினாள். ஆனால் தண்ணீரில் இறங்கவில்லை. இன்னும் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்வெட்டு, மன்னா?" கணியார் மெல்லக் கேட்டார். "வாசகம்?"

அரசன் குடைநிழலிலிருந்து விலகி வெயிலில் நடந்தான். சாலைத் தாண்டாமல், அதன் ஓரமாகவே நடந்து, குரத்தியின் எதிரே வந்து நின்றான்.

கையில் அந்தச் சோழி இன்னும் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"குரத்தியாரே," என்றான். "இங்கே இன்னொருவர் உட்கார இடம் இருக்குமா?"

காலையிலிருந்து யார் சொல்லியும் அசையாதவள், சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.